கூரைமேல் எறிந்த பல்

எங்கள் வீட்டில் பல் விழுந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. விழுந்த பல்லைக் குப்பையில் போடக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு விளையாடவும் கூடாது. சாணியில் வைத்து உருட்டி, வீட்டு ஓட்டின்மேல் எறிந்துவிட வேண்டும். அப்போதுதான் புதுப்பல் கோணாமல் முளைக்கும் என்பாள் அம்மா. அம்மாவின் பற்களே கொஞ்சம் கோணல்தான் என்பதை ஒருமுறை எடுத்துச் சொன்னேன். அவள் எறிந்த பல் ஓட்டில் நிற்காமல் தெருவில் விழுந்துவிட்டதாம். எதற்கும் அம்மாவிடம் ஒரு பதில் இருக்கும்.

முத்தியால்பேட்டையில் எங்களுடையது நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. அக்காவும் தங்கையும் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு. அக்கா என் அம்மா, தங்கை என் சித்தி. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். ஷிப்ட் வெவ்வேறு என்பதால் சண்டை போட நேரம் கிடைக்காமல் ஒற்றுமையாக இருந்தார்கள். அம்மாவுக்கு நான் ஒரே பெண், சித்திக்கு ஒரே பையன். அவன் என்னைவிடச் சில மாதங்கள்தான் சின்னவன். அந்தச் சில மாதங்களை வைத்துக்கொண்டு நான் அவனை ஆட்டிப் படைத்தேன். அக்கா என்று கூப்பிட்டால்தான் பிடுங்கி வைத்த கோலிக்குண்டைத் திருப்பிக் கொடுப்பேன். நான் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதைக் கேட்டுத் தெருவே அவனைத் தம்பி என்றது.

எங்களுக்குப் பல் விழ ஆரம்பித்தது ஒரே கோடையில். எனக்குக் கீழ்வரிசை முன்பல் ஆடியதே தவிர விழ மனம் வரவில்லை. அதற்குள் பின்னாலிருந்து புதுப்பல் எட்டிப் பார்த்துவிட்டது. ரெண்டு வரிசைப் பல்லோட இருந்தா எவன் கட்டிக்குவான் என்று சொல்லி, அப்பா நூலைக் கட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். தெருமுனை வரை கேட்டதாம் என் அலறல். அப்பாவுக்கு அதில் ருசி கண்டுவிட்டது. அதன் பிறகு எனக்கு விழுந்த பல் ஒன்றுகூடத் தானாக விழவில்லை, எல்லாம் நூல்தான். தம்பி கொடுத்துவைத்தவன். அவன் கமர்கட்டைக் கடித்தான், பல் கமர்கட்டோடு வந்துவிட்டது. அவன் அழவில்லை. பல்லை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கமர்கட்டைச் சட்டையில் துடைத்து மிச்சத்தையும் தின்றான். அவனுடைய பல்லும் என்னுடைய பல்லும் ஒரே கூரைக்குத்தான் போயின.

இங்கே சித்தியின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் சிஸ்டர்மார் நடத்திய தையல் கூடத்தில் பூவேலை செய்துகொண்டிருந்தவள். அவள் கைக்குட்டை மூலையில் போடும் பூவுக்குள் இருக்கும் மகரந்தம்கூடத் தெரியும். அந்தக் கையையும் கண்ணையும் பார்த்துத்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் அவளை வேலைக்குக் கேட்டார். முசியே என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். கடற்கரைக்குப் போகிற தெரு ஒன்றில் மாடிவீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஆந்திரா பக்கத்து மலைக்குகைகளிலிருந்து மூட்டை மூட்டையாக மண்ணை வரவழைத்தார். காசு குடுத்து மண்ணு வாங்குறவன இப்பத்தான் பாக்கறேன் என்றார் அப்பா.

அந்த மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய கம்பிவலைச் சல்லடையில் போட்டு அலச வேண்டும். சல்லடையில் மிஞ்சிய பொடியைக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் மணி மணியாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதுதான் சித்தியின் உத்தியோகம். தேடியது எலிப் பல். அந்தக் குகைகளில் ஆந்தைகள் இருந்திருக்கின்றன. எலியைத் தின்றுவிட்டு, செரிக்காத எலும்பையும் பல்லையும் கக்கிவிடும். அவை எத்தனையோ ஆயிரம் வருஷம் மண்ணில் கிடந்து கல்லாகிப் போயிருந்தன. ரவையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் ஒவ்வொரு பல்லும்.

நெருக்கடி நிலை முடிந்த வருஷம் சித்தியின் தூரிகையில் வித்தியாசமான ஒரு கடைவாய்ப் பல் தட்டுப்பட்டது. எலியின் கடைவாய்ப் பல்லில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக இருக்குமாம். அந்த மேடுகளின் அமைப்பை வைத்து இன்ன எலி என்று சொல்லிவிடலாமாம். இதில் ஒரு மேடு கூடுதல். ஒற்றைப் பல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம் என்றுதான் முசியே முதலில் சொன்னார். அதே மண்ணில் அதே மாதிரி இன்னும் சில பற்கள் கிடைத்தன. இருக்கிற எலிகளின் பற்களோடெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, இது உலகத்தில் இப்போது எங்குமே உயிரோடு இல்லாத ஓர் எலி இனம் என்றார். சித்தி அன்றைக்கு பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

"இருக்கற எலிக்கே வழியக் காணோம், இல்லாத எலிய எதுக்குத் தேடணும்?" என்றார் அப்பா, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

தம்பிக்குத்தான் அந்த எலி பிடித்துப்போயிற்று. சித்தியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, விடாமல் கேட்டான்.

"அது இன்னா கலரும்மா?"

"தெரியாதுடா."

"கத்துமா?"

"பல்லுல அதெல்லாம் தெரியாது. இன்னா எலி, இன்னா வயசு, இன்னாத்தத் தின்னுச்சு, அவ்ளோதான் தெரியும்."

தெரியாததை அவன் தானே முடிவு செய்துகொண்டான். மறுநாள் அடுப்புக்கரியை எடுத்துப் பின்கட்டுச் சுவரில் அந்த எலியை வரைந்தான். பூனையளவு உடம்பு, அதைவிட நீளமான வால், வாய் நிறையப் பல். சுவரைக் கரியாக்கியதற்கு அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சித்தி மட்டும் கிட்டப் போய் வெகு நேரம் பார்த்தாள். ஒரு மேடு கூடுதலாகப் போட்டிருக்கிறானா என்று பார்த்தாளோ என்னவோ.

அந்தத் தை மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது மேல்வரிசை முன்பல் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. நாக்கால் அவற்றை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டி என்னைப் பயமுறுத்துவான். படுத்தபடியும் அதைச் செய்தான். பிறகு கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றான். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, புதைத்தார்கள். உறவில் இருந்த பெரியவர்கள் நல்லது என்று நினைத்து மிச்சக் காரியங்களைச் செய்தார்கள். பெற்றவள் கண்ணில் எதுவும் படக்கூடாது என்று அவன் சட்டைகளை வண்ணாரிடம் கொடுத்தார்கள். பம்பரத்தையும் கோலிக்குண்டுகளையும் அவனோடு மண்ணில் வைத்தார்கள். புத்தகப் பையை யாரோ எடுத்துப்போனார்கள். பின்கட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சித்தி நினைவு தப்பியும் தெளிந்தும் கிடந்த நாட்களிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. போட்டோவாவது இருக்க வேண்டுமே என்றால் அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்த அன்று அவனுக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த வருஷம் எடுத்துக்கலாம் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து எழுந்து உட்கார்ந்த சித்தி வீட்டை ஒருமுறை சுற்றி வந்தாள். எதைத் தேடினாளோ அது எங்குமே இல்லை. அவன் அந்த வீட்டில் இருந்தான் என்பதற்கு ஒரு பட்டன்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை, பேசவும் இல்லை. யாராவது கேட்டால் ம் என்பாள். முசியே ஒருமுறை வீட்டு வாசல் வரை வந்து, நின்று, தொப்பியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் போனார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆட்கள் வந்தார்கள். நாட்டு ஓட்டை அவ்வப்போது பிரித்து அடுக்காவிட்டால் மழை வீட்டுக்குள்தான் பெய்யும். கூரையில் ஏறியவர்கள் ஓட்டிடுக்கில் கிடந்த மண்ணையும் குப்பையையும் கூடையில் வாரி இறக்கினார்கள். முதல் கூடையைத் தெருவில் கொட்டியபோது வாசலில் உட்கார்ந்திருந்த சித்தி சும்மா அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து விரல் நுனியால் எதையோ எடுத்தாள். ஓர் எலியின் தாடை. அதைப் பார்த்தபடியே எழுந்து நின்றாள்.

"குப்பையக் கொட்டாதீங்க" என்றாள். "ஒரு பிடிகூடக் கொட்டாதீங்க. எனக்கு வேணும்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழுதாக வந்த பேச்சு அது. ஆட்கள் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது, வேப்பிலை அடிக்கவேண்டும் என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாள். சித்தப்பாதான் எதுவும் கேட்கவில்லை. கோணிப்பைகளைக் கொண்டுவந்து, கூரைமேல் ஏறி, தன் கையாலேயே வாரிக் கட்டி இறக்கினார். எனக்குத் தெரிந்து அவர் அந்த வருஷம் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான்.

முசியே வீட்டிலிருந்து சல்லடைகள் வந்தன. பின்கட்டில் சித்தி உட்கார்ந்துகொண்டாள். சித்தப்பா தண்ணீர் இறைத்து ஊற்ற, அவள் ஒவ்வொரு பையாக அலசினாள். குகை மண்ணை எப்படி அலசினாளோ அப்படியே. வெள்ளை வேட்டியில் பரப்பிக் காயவைத்தாள். பிறகு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கையில் பூதக்கண்ணாடியோடு குனிந்துவிட்டால் சாப்பாட்டுக்குக்கூட நிமிர மாட்டாள். முதலில் கோபித்துக்கொண்ட அம்மா, பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க என்று முணுமுணுத்துக்கொண்டே ஒருநாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எனக்கும் இடம் கிடைத்தது. எலிப் பல், அணில் பல், பல்லியின் தாடை, குருவிக் கால் எலும்பு என்று சித்தி ஒவ்வொன்றாகச் சொல்லி ஒதுக்குவாள். எங்கள் தலைக்கு மேலே இவ்வளவு பேர் குடியிருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் அவள் கை நின்றுவிட்டது. தட்டின் நடுவில், அலசியும் கரையாத காய்ந்த சாணி ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன உருண்டை. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. மனிதப் பிள்ளையின் பல்.

அம்மாதான் முதலில் சொன்னாள்.

"தம்பியோடதுதான்."

"ஆமா, அவனோடதுதான்" என்றார் அப்பா. தட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னோடதா இருந்தா?" என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ரொம்ப நாள் கன்றியிருந்தது. கேள்வி நியாயமானதுதானே, எதற்குக் கிள்ளினாள் என்று எனக்குப் புரியவில்லை.

மீதிப் பைகளையும் சித்தி பார்த்து முடித்தாள். வேறு பல் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் மழையில் வழிந்து எந்தச் சாக்கடையில் போயிற்றோ. அந்த ஒற்றைப் பல்லை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சாமி மாடத்தில் வைத்தாள். முசியே வீட்டில் எலிப் பல்லைப் போட்டு வைக்கிற தக்கைக் குப்பி அது. ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. கூரை மண் முழுவதையும் அலசியவள் அந்தப் பல்லை மட்டும் கழுவவே இல்லை. சாணி ஒட்டினபடியே இருந்தது. அது அப்படி இருக்கும் வரையில்தான் அது அவன் பல். இது புரிய எனக்கு வயது போதவில்லை.

அந்த நாட்களில் சித்தி சாப்பிட்டாள். ஒருமுறை என் தலையைப் பின்னிவிட்டாள். அம்மாவும் நிம்மதியாக இருந்தாள். ஆனால் சித்தியின் கண் சும்மா இருக்கிற கண் இல்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நின்றாள்.

"எதுக்குடி? இருக்கறது இருக்கட்டுமே" என்றாள் அம்மா.

"தெரிஞ்சிக்காம வச்சிருக்க முடியலக்கா" என்றாள் சித்தி. என்னைப் பார்த்து, "இவளும் வரட்டும்" என்றாள்.

சித்தப்பாவின் சைக்கிளில் முன்னால் நான், பின்னால் சித்தி. முசியே வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சித்தப்பா மதில் ஓரம் நின்றுகொண்டார். மாடி அறையில் ஜன்னல் பக்கமாக மைக்ராஸ்கோப் இருந்தது. சித்தி பல்லை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுத் தூரிகையால் கழுவினாள். வெகு மெதுவாகக் கழுவினாள். பிறகு வைத்துப் பார்த்தாள். பார்த்தது கொஞ்ச நேரம்தான். நிமிர்ந்து, முசியேவுக்கு இடம் விட்டு ஒதுங்கினாள்.

முசியே புத்தகத்தில் தமிழ் படித்தவர். தமிழாசிரியர் மாதிரி பேசுவார்.

"மனிதக் குழந்தையின் பல். கீழ்த்தாடை. வேர் இருக்கிறது. ஆகவே இது தானாக விழவில்லை, யாரோ பிடுங்கி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கு விஷயம் எட்டியிருக்க வேண்டும். தானாக விழும் பால்பல்லுக்கு வேர் கரைந்து போயிருக்கும். கமர்கட்டோடு வந்த பல்லில் வேர் இருக்காது. நூல் கட்டி இழுத்த பல்லில்தான் இருக்கும்.

"ஆமா முசியே. இந்தப் புள்ளயோடது" என்றாள் சித்தி.

என்னுடையதுதான் என்று ஆனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, சொல்லவா வேண்டும். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்த எலிக்கு நாலைந்து பல்லாவது மிஞ்சியது, எங்கள் தம்பிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கணக்கு அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் ஆறவில்லை.

சித்தி என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "வாயத் தொற" என்றாள். திறந்தேன். எனக்கு அப்போது மேல்வரிசையில் இரண்டு முன்பற்களும் புதிதாக முளைத்திருந்தன. தம்பிக்கு ஆடிக்கொண்டிருந்த அதே இடம். அவள் விரலால் அவற்றின் விளிம்பைத் தடவினாள். புதுப்பல்லின் விளிம்பு சின்ன ரம்பம் போல இருக்கும், தேயத் தேயத்தான் நேராகும்.

"இன்னும் தேயல" என்றாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குத் தாடை வலித்தது. அந்தப் பல் என்னுடையதுதானா என்று சரிபார்க்கிறாள் என்று எண்ணி, நன்றாகத் தெரியட்டும் என்று இன்னும் அகலமாகத் திறந்து காட்டினேன்.

கீழே வந்தபோது சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பினார். வழியெல்லாம் கைப்பிடியில் அவர் விரல்கள் இறுகி இருந்ததை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் சித்தி அந்தப் பல்லை என் கையில் கொடுத்து, மறுபடியும் ஓட்டின்மேல் எறியச் சொன்னாள். புதிதாக அடுக்கிய ஓடு. எறிந்தேன், நின்றுவிட்டது. குப்பியைக் கழுவி முசியே வீட்டுக்கே திருப்பி எடுத்துப்போனாள். அன்று முதல் மறுபடியும் வேலைக்கும் போனாள்.

ஆனால் ஒரு பழக்கம் அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்போதாவது திடீரென்று என்னைக் கூப்பிட்டு, வாயத் தொற என்பாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். கோரைப்பல் வந்தபோது பார்த்தாள். ஆறாவது படிக்கையில் பின்னால் கடைவாய்ப் பல் முளைத்தபோது, எனக்கே தெரியுமுன் அவளுக்குத் தெரிந்தது. தொழில் புத்தி விடுமா என்று அம்மா சிரிப்பாள். நானும் வளர வளரக் கேலி செய்ய ஆரம்பித்தேன். நான் இன்னா உனக்குக் குகை எலியா என்பேன். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே பார்த்து முடிப்பாள்.

கல்லூரியில் சேர்ந்த மறுவருஷம் கடைசிக் கடைவாய்ப் பல், ஞானப்பல் என்கிறார்களே அது, முளைத்து என் கன்னம் வீங்கியது. சித்திதான் கிராம்பு வைத்துவிட்டாள். வலி அடங்கிய ஒரு காலையில் வழக்கம்போல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாலு மூலையிலும் விரலை வைத்துப் பார்த்தாள். அவனுக்கு எந்த வயதில் எந்தப் பல் வந்திருக்கும், எப்போது தேய்ந்திருக்கும், எப்போது மீசை முளைக்கிற வயதுக்கு வந்திருப்பான் என்று அவள் இத்தனை வருஷமும் என் வாய்க்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெண்ணுக்கு முதல் பல் ஆடியபோதுதான் அது எனக்கு உறைத்தது. அதற்குள் சித்தியும் போய்விட்டாள்.

அன்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதான். இதுக்கு மேல மொளைக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கிராம்பு நெடி என்று நினைத்துக்கொண்டேன். "அப்பாடா, இனிமே வாயத் தொறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.